ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய அகராதி, ஆன்லைன்ல: ‘லெடன்-ஐட்’ மாதிரி சொல்லுக்கு அர்த்தம் தேடறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் ரிவ்யூ பண்றது ஸ்கூல் பசங்க பையில இருக்கற ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரி இல்ல, கூகுள்ல ஒரு வார்த்தையத் தட்டினா மேல வந்து நிக்குமே அதுவும் இல்ல. ஓஇடி-ன்னு சொல்வாங்க, ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்‌ஷனரியோட சுருக்கம், 1989ல ரெண்டாம் பதிப்பா வந்தப்ப 20 வால்யூம், 21,728 பக்கம், அந்தப் பெரிய அகராதி. 2000ல இருந்து அது ஆன்லைன்ல சந்தா கட்டிப் படிக்கற மாதிரி கிடைக்குது. பழைய ஆங்கிலக் கவிதை படிக்கறவங்க, இலக்கியத்துல எம்.ஏ. பண்றவங்க, மொழிபெயர்க்கறவங்க, எல்லாருக்கும் இருக்கற கேள்வி இதுக்குக் காசு கொடுக்கலாமாங்கறதுதான். என் பதில், சொந்தக் காசு போட வேண்டாம், ஆனா லைப்ரரி வழியா எப்படியாவது கைக்குக் கொண்டு வந்துடுங்க. மொத்த அகராதியையும் பொத்தாம்பொதுவா புகழ்ந்தா யாருக்கும் பிரயோஜனமில்ல, அதனால ஒரே ஒரு சொல்ல எடுத்துக்கிட்டு எங்க உதவுது எங்க காலை வாருதுன்னு பாத்துடலாம்.

அந்தச் சொல்லு ‘லெடன்-ஐட்’. ஈயத்துக்கு ஆங்கிலத்துல ‘லெட்’, எழுத்தைப் பாத்து லீட்னு படிச்சுடாதீங்க. அதுல இருந்து வந்தது ‘லெடன்’, ஈயத்தால செஞ்ச, ஈயம் மாதிரியான. கூட ‘ஐட்’, கண் உடைய. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1819 வசந்தத்துல லண்டனை ஒட்டின ஹாம்ப்ஸ்டட்ல இருந்தப்ப நைட்டிங்கேல் பறவையப் பாத்து எழுதின பாட்டுல மூணாவது பத்தியில இது வரும். நீ இலைக்குள்ள இருக்க, உனக்கு எங்க உலகம் தெரியாதுன்னு பறவைகிட்ட சொல்லிட்டு அந்த உலகம் எப்படின்னு அடுக்கறார். இங்க மனுஷங்க உக்காந்து ஒருத்தர் முனகறத ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காங்க, இளசுங்க வெளுத்துப்போய் ஆவி மாதிரி மெலிஞ்சு செத்துப்போகுதுங்க, யோசிச்சாலே துக்கம், கூடவே ‘லெடன்-ஐட்’ விரக்திகள். அந்த ‘ஆவி மாதிரி மெலிஞ்ச’ங்கறதும் ஒரு கூட்டுச் சொல்லுதான், ‘ஸ்பெக்டர்-தின்’. இதுக்கு முந்தின டிசம்பர்லதான் அவரோட தம்பி டாம் காசநோய்ல இறந்துபோனான், பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது கீட்ஸ்தான், அதுக்கும் முன்னாடி லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில மருத்துவம் படிச்சு 1816ல லைசென்ஸ் வாங்கினவர். நோயாளியோட முகம் எப்படி மாறும்னு கிட்ட இருந்து பாத்த ஆளு எழுதின வரி அது.

சரி, அர்த்தம் என்ன? சாதாரண அகராதியில ‘லெடன்-ஐட்’ தேடினா பெரும்பாலும் சொல்லே இருக்காது, இருந்தாலும் ‘களையிழந்த கண்களை உடைய’ன்னு ஒரு வரியோட முடிஞ்சுடும். தப்பில்ல, ஆனா அது எதையும் தரல. விரக்திக்கு எப்படிக் கண்ணு வரும், கண்ணுக்கு ஏன் ஈயம், இரும்பு ஏன் இல்ல, இந்தக் கேள்விக்கெல்லாம் அதுல இடமே கிடையாது.

இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. சாமுவேல் ஜான்சன் 1755ல போட்ட அகராதியோட முன்னுரையிலயே கூட்டுச் சொற்களை நான் அபூர்வமாத்தான் சேத்திருக்கேன்னு சொல்றார். ரெண்டு பாகமும் தனித்தனியா இருக்கறப்ப தராத அர்த்தத்த சேந்து தந்தாத்தான் விளக்கம் தேவை, மத்ததுக்கெல்லாம் பாகங்கள்லயே அர்த்தம் இருக்கேங்கறது அவர் வாதம். ஜான்சன் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஒத்த ஆளா நின்னு அவ்வளவு வேலை பாத்தவர், ஆனா இந்த இடத்துல அவர் சொல்றது சரியில்லன்னு உறுதியா சொல்லுவேன். தமிழ் இலக்கணம் பள்ளிக்கூடத்துல படிச்ச யாருக்கும் இது சட்டுனு புரியும், நமக்குத் தொகைன்னு ஒரு அத்தியாயமே இருக்கே. ரெண்டு சொல்லு ஒட்டி நிக்கும், நடுவுல உருபு மறைஞ்சு இருக்கும், எந்த உருபுன்னு கண்டுபிடிச்சாத்தான் அர்த்தம். ஆங்கிலமும் அப்படியே. ‘ப்ளைண்ட்’னு முடியற சொற்களைப் பாருங்க. ‘ஸ்நோ-ப்ளைண்ட்’ பனியோட கூச்சத்தால கண்ணு தெரியாம போறது, ‘ஸ்டோன்-ப்ளைண்ட்’ கல்லு மாதிரி முழுக் குருடு, ‘கலர்-ப்ளைண்ட்’ நிறத்தப் பொறுத்த குறை. மூணுக்கும் உள்ள மறைஞ்சிருக்கற உறவு வேற வேற, பாகத்தப் பாத்து மட்டும் சொல்ல முடியாது. அதைவிட ‘சேண்ட்-ப்ளைண்ட்’னு ஒண்ணு இருக்கு, அரைகுறையா கண்ணு தெரியறவங்களைச் சொல்றது, அதுல மணலுக்கு வேலையே இல்ல, பழைய ஆங்கிலத்துல ‘ஸாம்’னா பாதி, அந்த ‘ஸாம்-ப்ளைண்ட்’தான் அநேகமா வாய்ல திரிஞ்சு மணலாயிடுச்சு. ஷேக்ஸ்பியர் வெனிஸ் வணிகன்ல லான்ஸ்லாட் தன் அப்பாவக் கிண்டல் பண்றப்ப மணல் குருடுகூட இல்ல, கூழாங்கல் குருடுன்னு சொல்றான், அதாவது அந்தக் காலத்துலயே ஜனங்க அத மணல்னுதான் எடுத்துக்கிட்டாங்க. பாகத்துலயே அர்த்தம் இருக்குன்னு நம்பினா இந்த இடத்துல நேரா குழியிலதான் விழணும்.

இங்கதான் ஓஇடி தனியா நிக்குது. அது அர்த்தம் சொல்ற அகராதிங்கறத விட, யாரு எப்ப எந்த வாக்கியத்துல சொன்னாங்கன்னு தேதி போட்டு அடுக்கி வெச்ச களஞ்சியம்னு சொல்லலாம். 1857ல லண்டன் மொழியியல் சங்கத்துல யோசனை கிளம்பி, 1879ல ஜேம்ஸ் மரே ஆசிரியரா வந்தப்புறம்தான் சூடு பிடிச்சது. தோட்டத்துல இரும்புத் தகட்டுல ஒரு கொட்டகை போட்டு, உள்ள ஆயிரத்துக்கும் மேல சின்னச் சின்ன அறை வெச்ச அலமாரி, ஊர் உலகத்துல இருந்து வாசகர்கள் புத்தகம் படிச்சு சொல்லு, வரி, ஆசிரியர், வருஷம் எல்லாம் எழுதி அனுப்பின துண்டுச் சீட்டுங்க அதுல. முதல் பகுதி 1884ல வந்தது, கடைசிப் பகுதி 1928ல, நடுவுல 1915ல மரே இறந்துட்டார். அவர் சொற்களை மூணு வகையா பிரிச்சார், தலைச்சொல், துணைச்சொல், கூட்டு. அந்தக் கூட்டுங்கற வகைதான் நம்ம விஷயம். தனிப் பதிவு போட முடியாத ஆயிரக்கணக்கான கூட்டுச் சொற்களை முதல் பாகத்தோட பதிவுக்கு அடியில, உதாரண வரியோட உக்கார வெச்சுட்டாங்க. ஜான்சன் கதவைச் சாத்தின இடத்துல இவங்க திண்ணையிலயாவது இடம் கொடுத்தாங்க.

ஒரு பக்கச் செய்தி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மரேக்கு முன்னாடி இந்த வேலைக்கு முதல் ஆசிரியரா இருந்தவர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், 1861ல முப்பது வயசுலயே போயிட்டார், கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜோட பேரன். தாத்தா 1817ல எழுதின இலக்கிய வாழ்க்கை வரலாறுல, என் இளவயசுக் கவிதையில ரெட்டை அடைமொழி, அதாவது ரெண்டு சொல்ல ஒட்டிப் போட்ட அடைமொழி, அளவுக்கு மேல போச்சுன்னு சொன்னாங்க, நான் இரக்கமே இல்லாம வெட்டித் தள்ளினேன்னு எழுதறார், கூடவே அடிக்குறிப்புல ஒரு விதியும் கொடுக்கறார். கவிஞர் மில்ட்டனோட இளவயசு எழுத்துல இந்தக் கூட்டு அடைமொழி குவிஞ்சு கிடக்கும், பின்னாடி எழுதின பாரடைஸ் லாஸ்ட் காவியத்துல ரொம்பக் கம்மி, ஷேக்ஸ்பியர்லயும் அப்படித்தான், ஆரம்ப நாடகத்துக்கும் லியர், மேக்பெத்துக்கும் வித்தியாசம் பாருங்கங்கறார். புதுசா ஒண்ணு உருவாக்கினா அது நெசமாவே ஒரே சொல்லா இருக்கணும், அச்சுக்காரன் போட்ட கோட்டால மட்டும் ஒட்டிக்கிட்ட ரெண்டு சொல்லா இருக்கக் கூடாதுங்கறதுதான் விதி. 1819 ஏப்ரல்ல ஹாம்ப்ஸ்டட் பக்கம் நடந்து போறப்ப கீட்ஸ் இந்தத் தாத்தா கோல்ரிட்ஜைச் சந்திக்கறார், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடந்தாங்க, என்னென்ன பேசினார்னு கீட்ஸ் கடிதத்துல போட்ட பட்டியல்ல நைட்டிங்கேலும் இருக்கு. கொஞ்ச நாள்லயே அந்தப் பாட்டு வருது, பாட்டு முழுக்க ரெட்டை அடைமொழி! லேசான சிறகுள்ள, ஆழத் தோண்டின, ஊதாக்கறை படிஞ்ச, முழுத் தொண்டையான, ஆவி-மெலிஞ்ச, ஈயக்கண்ண.

கோல்ரிட்ஜ் விதியை வெச்சே அளந்து பாத்தா, ‘ஆழத் தோண்டின’ங்கறது எனக்கு ரெண்டு சொல்லாத்தான் கேக்குது, கோட்டை எடுத்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. ‘லெடன்-ஐட்’ அப்படி இல்ல, அது ஒரே சொல்லு. ஈயம் கனம், அது எல்லாருக்கும் தெரியும், மேக்பெத்ல பேங்க்வோ தூக்கம் ஈயம் மாதிரி என் மேல அழுத்துதுன்னு சொல்றான். மில்ட்டன் காலத்தப் பத்தி எழுதின சின்னக் கவிதையில மணிப்பொழுதுகளை ‘லெடன்-ஸ்டெப்பிங்’னு கூப்பிடறார், ஈயக்காலால அடியெடுத்து வைக்கற பொழுதுகள், அடுத்த வரியிலயே கடிகாரத்துல தொங்கற எடைக்குண்டு வருது. கீட்ஸ் அந்தக் கனத்த இமைக்குக் கொண்டு வந்துட்டார், ஆனா கனம் மட்டும் இல்ல. ஈயத்த அப்பத்தான் வெட்டினா உள்ள நீலம் கலந்த பளபளப்பு இருக்கும், காத்து பட்டதும் சீக்கிரமே மங்கிச் சாம்பலாயிடும். இப்ப அந்தக் கவிதையில அடுத்த வரியப் படிங்க, அழகு தன்னோட ஒளிவிடற கண்களை இங்க காப்பாத்திக்க முடியாதுன்னு வரும். ‘லெடன்-ஐட்’க்கு எதிர்ப்பதம் மாதிரி ஒளிவிடற கண்ணு அடுத்த வரியிலயே! ஈயத்தோட ரெண்டு குணமும், கனமும் மங்கலும், ரெண்டும் வேலை செய்யுது, இரும்பு போட்டிருந்தா இது நடக்காது. இன்னொண்ணு, அந்தப் பாட்டுல ஒவ்வொரு பத்தியிலயும் பத்து வரி, எட்டாவது வரி மட்டும் குட்டை, மூணு சீர்தான். ‘லெடன்-ஐட்’ விரக்திகள் வந்து உக்கார்றது அந்தக் குட்டை வரியிலதான். வரி மூச்சு முட்டி நிக்கற இடத்துல கனமான சொல்லு. இதையெல்லாம் எந்த அகராதியும் சொல்லாது, ஓஇடியும் சொல்லாது, ஆனா லெடன்ங்கற சொல்லோட பழைய வரிகளை வரிசையாப் படிச்சுட்டு வந்தா கண்ணுக்குத் தானா தெரிய ஆரம்பிக்கும்.

அதே சொல்லு ஒரு நூற்றாண்டு கழிச்சு அமெரிக்காவுல வேற வேலை செய்யுது. வேச்சல் லிண்ட்ஸேன்னு இல்லினாய் மாநிலக் கவிஞர், 1914ல வந்த தொகுப்புல ஒரு எட்டு வரிக் கவிதை, தலைப்பே இந்தச் சொல்லுதான். ஏழைங்க மாடு மாதிரி, தொய்ஞ்சு, ஈயக்கண்ணோட இருக்காங்க, இதுதான் உலகத்தோட குற்றம்னு சொல்லி, அவங்க பட்டினி கிடக்கறது மட்டும் இல்ல, கனவே இல்லாம பட்டினி கிடக்கறாங்க பாரு, அதுதான்னு போகுது கவிதை. கீட்ஸ்ல கண்ணு விரக்திக்கு இருந்தது, அதாவது ஒரு உணர்ச்சிக்கு முகம் கொடுத்தது. லிண்ட்ஸேல அது ரத்தமும் சதையுமான மனுஷங்களோட கண்ணு, அதை அப்படி ஆக்கினவங்க மேல கோபம். அகராதி அர்த்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், களையிழந்த கண், ஆனா ஒண்ணு தனி மனுஷன் துக்கம், இன்னொண்ணு சமூகத்து மேல வெக்கற குற்றச்சாட்டு. மொழிபெயர்க்கறவங்க இந்த வித்தியாசத்தத் தெரிஞ்சுக்காம ரெண்டு எடத்துலயும் ‘சோர்ந்த விழி’ன்னு போட்டா லிண்ட்ஸே செத்துப்போயிடுவார்.

இப்ப யூஸ் பண்ற விதம். 2023ல தளத்த மாத்தி அமைச்சதுக்கப்புறம் ஒவ்வொரு பதிவுலயும் அர்த்தமும் பயன்பாடும், சொற்பிறப்பு, உச்சரிப்பு, எவ்வளவு அடிக்கடி வருது, கூட்டுச் சொற்கள்னு தனித்தனி தாவல் இருக்கு. நம்ம தேவைக்கு அந்தக் கூட்டுச் சொற்கள் தாவல்தான் உயிர். ‘லெடன்-ஐட்’ மாதிரி சொல்ல நேரா தேடறதோட நிறுத்திடாதீங்க, முதல் பாகத்தோட பதிவைத் திறந்து அந்தத் தாவலுக்குப் போய் பொறுமையா கீழ வரைக்கும் படிங்க. பின்பாகத்த வெச்சுத் தேடணும்னா நட்சத்திரக் குறி போட்டு அப்புறம் ‘-ஐட்’னு போடுங்க, கண்ணுல முடியற சொல்லெல்லாம் ஒரே பட்டியலா வந்து நிக்கும், கிரேக்கக் கவிஞர் ஹோமர் ஹீரா தேவிக்குக் கொடுத்த ‘மாட்டுக்கண்ண’ மாதிரி பட்டம், ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ நாடகத்துல வர்ற ‘பச்சைக்கண்’ பொறாமை, இந்தக் குடும்பத்துலதான் ஈயக்கண்ணும் பொறந்ததுன்னு அப்பப் புரியும். மேம்பட்ட தேடல்ல மேற்கோளை மட்டும், அதுவும் ஒரு ஆசிரியரோட மேற்கோளை மட்டும் வடிகட்டலாம், கீட்ஸை எந்தெந்தச் சொல்லுக்கு எடுத்திருக்காங்கன்னு பாக்கறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. வரலாற்றுச் சொற்களஞ்சியமும் உள்ளயே இணைச்சிருக்காங்க, க்ளாஸ்கோ பல்கலைக்கழகத்துல 1965ல ஆரம்பிச்சு 2009ல அச்சான பெரிய வேலை அது, ஒரு கருத்துக்கு எந்தெந்தக் காலத்துல எந்தெந்தச் சொல்லு இருந்ததுன்னு காட்டும். கீட்ஸ் கையில அன்னைக்கு வேற என்ன சொல்லு இருந்தது, அதை விட்டுட்டு ஏன் இதை எடுத்தார்னு யோசிக்க அது போதும்.

குறைகளும் இருக்கு, மறைக்க மாட்டேன். கூட்டுச் சொல்லுக்குப் பல சமயம் விளக்கமே இருக்காது, மேற்கோள் மட்டும்தான், நீங்களே படிச்சு முடிவு பண்ணிக்கணும். எனக்கு அது பிடிக்கும், ஆனா ஆங்கிலம் ரெண்டாம் மொழியா படிக்கற மாணவனுக்குக் கஷ்டம், கிங் லியர்ல கென்ட் ஆஸ்வால்டைத் திட்டறப்ப ‘கண்ணாடி பாக்கற’, ‘ஒத்தப் பெட்டிச் சொத்துக்கார’, ‘அல்லி-ஈரல்’னு கூட்டு அடைமொழியா கொட்டுவானே, அங்க வெறும் மேற்கோள் காப்பாத்தாது, நல்ல உரையோட இருக்கற பதிப்பு கையில வேணும். ரெண்டாவது, முதல் மேற்கோள் தேதியப் பாத்துட்டு இந்தச் சொல்ல இவர்தான் கண்டுபிடிச்சார்னு எழுதிடறாங்க, அது அகராதி சொல்றது இல்ல, கிடைச்சதுலயே பழைய எழுத்து இதுதான்னுதான் அது சொல்லுது. ஷேக்ஸ்பியர் பேர்ல இருந்த எத்தனையோ சொல்லுக்கு அப்புறமா அதைவிடப் பழைய சான்று கிடைச்சிருக்கு. மூணாவது, பழைய பதிப்புல பேர் பெத்த ஆம்பளை எழுத்தாளர்களோட மேற்கோள் குவிஞ்சு கிடக்கு, பெண்கள் எழுத்து குறைவு, பதினெட்டாம் நூற்றாண்டே கொஞ்சம் மெலிவு. 2000ல ‘எம்’ எழுத்துல இருந்து ஆரம்பிச்ச மூணாம் பதிப்புத் திருத்தம் இதைச் சரி பண்ணிக்கிட்டே வருது, ஆனா எல்லாப் பதிவும் இன்னும் முடியல, அதனால பதிவு எப்பத் திருத்தினதுன்னு போட்டிருக்கறத முதல்ல பாருங்க.

கவிஞர்கள் ஒரே ஒரு தடவை உருவாக்கிட்டு விட்டுப்போன சொல்லையும் சேக்கணுமாங்கற சண்டையும் இதுல உண்டு. 1972ல இருந்து 1986 வரைக்கும் நாலு வால்யூமா துணைப்பதிப்பு கொண்டு வந்த நியூசிலாந்துக்காரர் ராபர்ட் பர்ச்ஃபீல்ட் சேக்கணும்னு நின்னார். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1889லயே இறந்துட்டாலும் கவிதைத் தொகுப்பு 1918லதான் வந்தது, முதல் பதிப்பு அப்ப முக்கால்வாசி முடிஞ்சாச்சு, கூட்டு அடைமொழியிலயே மூச்சு விட்ட கவிஞர் அவர், அவருக்கு இடம் கிடைச்சது இந்தத் துணைப்பதிப்புலதான். பர்ச்ஃபீல்ட் பண்ணது ரொம்பச் சரின்னு நான் நினைக்கறேன். ஒரு சொல்லு ஒரே தடவை வந்தாலும் அதைப் படிச்சு முழிக்கற வாசகன் தலைமுறை தலைமுறையா வந்துக்கிட்டுத்தான் இருக்கான்.

காசு விஷயம். தனி ஆள் வருஷச் சந்தா நம்ம ஊர்ச் சம்பளத்துக்குத் தாங்காது, பண்ணாதீங்க. கல்லூரி, பல்கலைக்கழக லைப்ரரியில சந்தா இருக்கான்னு கேளுங்க, இருந்தா வளாகத்துக்குள்ள தானாத் திறக்கும். இங்கிலாந்துல இருக்கறவங்களுக்குப் பல ஊர்ப் பொது லைப்ரரி கார்டு நம்பர் போட்டாலே வீட்டுல இருந்தே இலவசம், அங்க படிக்கப் போன நம்ம பசங்க நிறையப் பேருக்கு இது தெரியாது. சந்தாவே இல்லன்னாலும் தளத்துல பதிவோட சுருக்கப் பக்கம் தெரியும், எத்தனை அர்த்தம், மூலம் என்ன, பழைய சான்று எந்தக் காலம்னு அதுல இருக்கும், ஆனா மேற்கோள் தெரியாது, நமக்கு வேண்டியதே அதுதானே. அதுக்கு வழி, 1884–1928 முதல் பதிப்போட ஸ்கேன் இன்டர்நெட் ஆர்கைவ்ல முழுசா இலவசமா இருக்கு, டவுன்லோடு பண்ணி வெச்சுக்கலாம், கீட்ஸ் வரைக்குமான சொல்லுக்கு அதுவே நிறைய வரும். பழைய புத்தகக் கடையில 1971ல வந்த காம்பாக்ட் பதிப்பு கண்ணுல பட்டா விடாதீங்க, ஒரு பக்கத்துல நாலு பக்கத்தச் சுருக்கி ரெண்டே வால்யூம்ல அடக்கினது, பெட்டியில சின்ன இழுப்பறை, அதுக்குள்ள பூதக்கண்ணாடி. 1991ல வந்த ஒத்த வால்யூம் காம்பாக்ட்ல ஒரு பக்கத்துல ஒன்பது பக்கம், எழுத்து ரொம்பவே பொடி, கண்ணாடி போட்டிருக்கறவங்க 1971தைத் தேடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி இழுப்பறையத் திறந்து பூதக்கண்ணாடி இருக்கான்னு பாத்துடுங்க, பழசுல நிறைய அது தொலைஞ்சுதான் வரும்.

ஃபோன்ல மட்டும் பாக்கறவங்களுக்கு இது சரிப்படாது, நீளமான மேற்கோள் வரிசைய சின்னத் திரையில நகத்தி நகத்திப் படிச்சா தேதித் தொடர்ச்சி மனசுல நிக்காது, லேப்டாப்ல திறந்து பக்கத்துல கவிதையையும் வெச்சுக்கோங்க. அன்றாட ஆங்கிலத்துக்கு அர்த்தம் பாக்கறவங்களுக்கும் இது தேவையில்ல, கற்பவர்களுக்கான அகராதி ஒண்ணு போதும். கவிதையில ஒரு கோடு போட்டு ஒட்டின ரெண்டு சொல்லப் பாத்து நின்னுடறவங்களுக்கு மட்டும் நான் கண்ண மூடிக்கிட்டு சிபாரிசு பண்ணுவேன்.